இரண்டின் மைனஸ் மூன்று

நிரோசினி மேல் எனக்குப் பொறாமை வந்தது ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நாலேகால் மணிக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த நிமிடம் அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சுவரில் இருந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலெர்மோவில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. அந்த அரை நாளில் மற்றவர்கள் தலை முழுகுவார்கள், ஊருக்கு ரெலிபோன் எடுப்பார்கள், அடித்துப் போட்ட மாதிரி நித்திரை கொள்வார்கள். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கபோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறி, சின்னப் பிள்ளைகளின் மேசையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, எட்டாம் வகுப்புச் சான்றிதழுக்குப் படித்தோம். அது 1996ஆம் ஆண்டு. எனக்கு முப்பது வயது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் விளங்காது. குகனேஸ்வரி ஆகிய நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்தவள். தூய கணிதத்தில் ஏ. இரண்டு புள்ளியால் பல்கலைக்கழகம் தவறிப்போய், ஐந்து வருடம் ரியூஷன் கொடுத்தவள். அப்படிப்பட்ட நான் பலெர்மோவில் ஒரு வக்கீல் வீட்டில் நாலு வருடமாக நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். யாராவது தமிழ் ஆளைச் சந்தித்தால் அரை மணி நேரத்துக்குள் அந்த ஏ-யைச் சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு செமிக்காது.

நிரோசினி என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இருபத்துமூன்று வயது. ஊர் ஊராக இடம்பெயர்ந்து திரிந்ததில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுந்து நடக்க முடியாத ஒரு வயதான சின்யோராவைப் பராமரிக்கிற வேலை அவளுக்கு. அந்த அம்மாவோடு நாள் முழுக்க ரெலிவிசன் பார்த்துப் பார்த்து அவளுக்கு இத்தாலியன் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு நாலு வருடத்துக்குப் பிறகும் 'சீ, சின்யோரா', அதாவது 'ஓம், அம்மா', என்பதற்கு மேல் நாக்கு எழும்பாது. அவளை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். அந்தப் புத்திக்காகப் பிறகு எத்தனையோ தரம் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஃபொந்தானா ரீச்சர் கரும்பலகையில் சுட்டிக் கணக்கு ஒன்றை, 3⁵ : 3² என்று, எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. இத்தனை நாளும் இலக்கணமும் வரலாறும் கேட்டு என்னை ஊமையாக்கிய வகுப்பில் இதோ கணக்கு வந்துவிட்டது. நடுவில் நின்ற இரண்டு புள்ளியைக் கண்டதும் விகிதம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பள்ளிக்கூடங்களில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. விறுவிறு என்று சுருக்கி 27 : 1 என்று எழுதிவிட்டு, கைதட்டு வாங்கப் போகிறவள் மாதிரித் திரும்பினேன்.

"இருபத்தேழு சரி. அந்த ஒன்று எதற்கு, கூகா?" என்று ரீச்சர் இத்தாலியனில் கேட்டார். என் பெயரை முழுதாகச் சொல்ல அவருக்கு வராது.

எனக்கு விளக்கம் தெரியும். அதை இத்தாலியனில் சொல்லத்தான் தெரியாது. வாயைத் திறந்து திறந்து மூடினேன். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போதுதான் நிரோசினி இருந்த இடத்திலிருந்தே சொன்னாள், இங்கே பிறந்தவள் மாதிரி, ஒரு சொல் தடுக்காமல். எங்கள் நாட்டில் இரண்டு புள்ளி போட்டால் விகிதம், அக்கா அப்படித்தான் செய்திருக்கிறார், இங்கே அது வகுத்தல், ஐந்திலிருந்து இரண்டைக் கழித்தால் மேலே மூன்று நிற்கும், ஆகவே வெறும் இருபத்தேழு.

"பிராவா, றொசீனா!" என்றார் ரீச்சர். வகுப்பே கைதட்டியது.

எனக்குக் கூகா. அவளுக்கு றொசீனா, அசல் இத்தாலியப் பெயர். மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலேகால்.

அவள் எனக்காகத்தான் பேசினாள் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கியதால்தான் வயிறு இன்னும் எரிந்தது. ஒன்பதாம் வகுப்புக்காரி எனக்கு வக்காலத்து வாங்குகிறாள்! அந்தக் கிழமை முழுக்க அவள் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாலும் குற்றம், தராவிட்டாலும் குற்றம். அவள் சந்தையில் கடைக்காரர்களோடு சிரித்துக் கதைத்து ஒரு தக்காளி கூடுதலாக வாங்கி வந்தால் அதுவும் குற்றம்.

அடுத்த வியாழன் ரீச்சர் இன்னொரு செய்தி கொண்டுவந்தார். அவருடைய தங்கை ஒரு பரிசோதனைக்கூடம் நடத்துகிறாராம். கடல் தண்ணீர், குடிதண்ணீர் எல்லாவற்றிலும் கிருமி பார்க்கிற இடம். சோதனைக் குழாய்களைக் கழுவி, எழுத்துப் போட்டு அடுக்கி வைக்க ஓர் ஆள் தேவை. ஒரே ஓர் ஆள். முறையான வேலை ஒப்பந்தம் தருவார்கள், அதைக் கொண்டுபோனால் பெர்மேசோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்கிற தலையிடியும் தீரும். "குழாய்களில் எல்லாம் பத்தின் மைனஸ் ஒன்று, பத்தின் மைனஸ் இரண்டு என்று எழுத வேண்டும். அதனால் சுட்டிக் கணக்கு முடிந்ததும் ஒரு சோதனை வைப்பேன். அதில் முதலாவதாக வருகிறவரை அனுப்புவேன்" என்றார்.

நான் அந்த வேலையை ஆசைப்பட்டேன் என்று சொன்னால் போதாது. மற்றவர்களின் குளியலறையை உரஞ்சி உரஞ்சி என் விரல் நுனிகளில் தோல் உரிந்துகொண்டிருந்தது. இலக்கங்களோடு வேலை செய்கிற ஓர் இடம் இந்த நகரத்தில் எனக்கென்று கடவுள் எடுத்து வைத்தது மாதிரி இருந்தது. அதில் பங்கு கேட்கக்கூடிய ஒரே ஆள் நிரோசினி.

மைனஸ் நிற்கிற மறைச் சுட்டியும் சைபர் நிற்கிற பூச்சியச் சுட்டியும் படிப்பித்த வியாழன் அவள் வகுப்புக்கு வரவில்லை. சின்யோராவின் மகள் மொண்டெல்லோவில் இருக்கிற கடற்கரை வீட்டைக் கோடைக்குத் திறப்பதற்காக அவளைக் கூட்டிக்கொண்டு போய், மாரி முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டைக் கழுவ வைத்துவிட்டார். அவளுடைய அரை நாள் அதிலேயே போய்விட்டது. நான் வகுப்பில் முன் வரிசையில் இருந்து நிம்மதியாக எழுதினேன்.

ஞாயிறு மத்தியானம் அறைக்குப் பக்கத்துச் சமையலறையில் நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். நிரோசினி கொப்பியோடு வந்தாள். மற்றக் கையில் ஒரு பை சியாகுல்லி மந்தரீன் தோடம்பழம். பருவத்தின் கடைசிப் பழம், எனக்குப் பிடிக்கும் என்று சந்தை முழுக்கத் தேடி வாங்கியிருந்தாள்.

"அக்கா, நான் வராத அண்டைக்கு என்ன படிப்பிச்சவ?"

"சுட்டி."

"சுட்டி தெரியும். உந்த மேலை மைனஸ் போட்டு நிக்கிறது என்ன? பேந்து, மேலை சைபர் நிண்டால் என்ன செய்யிறது? ஒருக்காச் சொல்லித் தாங்கோ."

கத்தி கையில் நின்றது. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மேலே மைனஸ் நின்றால் ஒன்றை எடுத்து அத்தனை தரம் வகு. இரண்டின் மைனஸ் மூன்று என்றால் ஒன்றை மூன்று தரம் இரண்டால் வகுப்பது, எட்டில் ஒன்று. மேலே சைபர் நின்றால் பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம், அந்த ஒன்று ஒன்றாகவே இருக்கும். ரியூஷனில் இதைப் பத்து நிமிடத்தில் விளங்கப்படுத்துவேன். பாதிப் பிள்ளைகள் இதில் விடுகிற பிழையும் எனக்கு அத்துப்படி. அதற்காக எத்தனை தலையில் குட்டியிருக்கிறேன். அந்தப் பிழையை அப்படியே எடுத்து நிரோசினியிடம் கொடுத்தேன்.

"மேலை நிக்கிற மைனஸ் கீழை இறங்கி முன்னுக்கு வந்து நிக்கும். இரண்டின்ரை மைனஸ் மூண்டு எண்டால் மைனஸ் எட்டு. மேலை சைபர் எண்டால் எல்லாம் சைபர்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

அவள் அதைக் கொப்பியில் எழுதி, அடிமட்டம் வைத்துக் கீழே கோடு போட்டாள். பிறகு ஒரு பழத்தை உரித்து, என் கை ஈரமாக இருந்ததால் ஒரு சுளையை என் வாயில் வைத்தாள். நான் அதைச் சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது.

சோதனை வந்தது. இத்தாலியில் சோதனைக்கு இரண்டு தாள். ஒன்று போட்டுப் பார்க்கிற கிறுக்கல் தாள், அதற்கு 'புருத்தா' என்று பெயர். மற்றது துப்புரவாக எழுதிக் கொடுக்கிற தாள். இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் கிறுக்கலை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதால் நான் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. பத்துக் கேள்வி. மூன்று வரிசை தள்ளியிருந்த நிரோசினி குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். அவளுடைய பிடரியைப் பார்த்தபடி நான் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

அடுத்த கிழமை என்னை அரை மணி நேரம் முந்தி வரச் சொல்லியிருந்தார் ரீச்சர். போனபோது என் தாள் மேசையில் இருந்தது. பத்துக்குப் பத்து. "வேலை உனக்குத்தான், கூகா. திங்கட்கிழமை தங்கையிடம் போ" என்றார். முதல் தடவையாக அந்தக் கூகாவும் எனக்கு அழகான பெயராகக் கேட்டது.

"ஒரு சின்ன உதவி" என்று அவர் இன்னொரு தாளை எடுத்தார். நிரோசினியின் கிறுக்கல் தாள். "றொசீனாவுக்கு ஆறுதான் போட்டிருக்கிறேன். மைனஸ் வந்த இடமெல்லாம் பிழை, சைபர் வந்த இடமெல்லாம் பிழை. ஆனால் இங்கே என்னவோ எழுதிக் குறுக்காக வெட்டியிருக்கிறாள். இலக்கம் எனக்கு விளங்குகிறது. அதற்குக் கீழே உங்கள் எழுத்து. என்ன அது?"

தாளின் ஓரத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தது: 16, 8, 4, 2, 1. அதற்குக் கீழே தமிழில், உருண்டை உருண்டையான அவள் எழுத்தில்: அரை, கால், அரைக்கால். எல்லாவற்றின் மேலும் ஒரு கோடு.

இரண்டின் நாலு, இரண்டின் மூன்று, இரண்டின் இரண்டு, ஒவ்வொரு படி இறங்க ஒவ்வொரு பாதி. ஒன்றுக்குக் கீழே அரை, கால், அரைக்கால். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, இரண்டின் மைனஸ் மூன்று. நான் பிழையாகச் சொல்லிக் கொடுத்தும் அவள் தன் பாட்டில் படி இறங்கிச் சரியான இடத்துக்குப் போய் நின்றிருந்தாள். எனக்கு அதைப் புத்தகம் சொல்லித் தந்தது, வாத்தியார் சொல்லித் தந்தார். இவளுக்கு யார் சொல்லித் தந்தது?

பத்துக்குப் பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு வாங்கியவள் மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள். நான் பட்டேன். அன்றைக்குப் பட்டது மாதிரி அதற்கு முதல் பட்டதே இல்லை.

"சாமான் பட்டியல்" என்றேன். 'லிஸ்தா தெல்லா ஸ்பேசா.' தினமும் வக்கீல் வீட்டில் கேட்கிற சொல்லானபடியால் அது எனக்குத் தடுக்காமல் வந்தது. "அரை கிலோ, கால் கிலோ."

ரீச்சர் ஏமாற்றமாகத் தலையாட்டிவிட்டுத் தாளை மூடினார்.

வகுப்பில் ரீச்சர் முடிவுகளைச் சொல்லி அனுப்பிய பிறகு நாங்கள் இரண்டு பேரும் சந்தைக்குள்ளால் நடந்து வந்தோம். கடைக்காரர்கள் கூரைச் சீலைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நிலமெல்லாம் மீன் கழுவிய தண்ணீர். நிரோசினி தன் ஆறைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "திங்கட்கிழமை போட நல்ல சட்டை இருக்கோ அக்கா? என்ரை நீலத்தை எடுங்கோ" என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் குணத்துக்கு அது வராது.

"புருத்தாவிலை ஓரத்திலை அரை, கால், அரைக்கால் எண்டு எழுதி வெட்டியிருக்கிறாய். ஆர் உனக்கு அது சொல்லித் தந்தது?"

"ஆர் சொல்லித் தாறது? சின்யோராவின்ரை மருந்துக் குளிசைதான்." அவள் சேற்றில் கால் வைக்காமல் தாண்டினாள். "டொக்டர் ஒவ்வொரு கிழமையும் பாதி பாதியாய்க் குறைக்கச் சொன்னவர். எட்டு, நாலு, இரண்டு, ஒண்டு. ஒண்டுக்குப் பிறகு மைனஸ் எண்டு எழுதேல்லை அக்கா, அரை எண்டுதான் எழுதினவர். பேந்து கால். நான்தானே கத்தியாலை வெட்டிக் குடுக்கிறனான். சோதனையிலை அந்தக் கணக்கைக் கண்டோடனை குளிசைதான் ஞாபகம் வந்தது."

"அப்ப ஏன் வெட்டினனீ? சரியாத்தானே இருந்தது."

அவள் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. ஒரு கடையில் மிஞ்சிக் கிடந்த கீரைக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும். சைபரும் எனக்குத் தெரிஞ்சது. ஏழின்ரை நாலை ஏழின்ரை நாலாலை பிரிக்கச் சொல்லிக் கேட்டவ. ஒரு இலக்கத்தை அதாலையே பிரிச்சால் ஒண்டுதானே, எப்பிடிச் சைபர் வரும்?" குரல் இறங்கியது. "ஆனா நான் எழுதினது சரியெண்டால் நீங்கள் எனக்குப் பொய் சொன்னதெண்டு வரும். நீங்கள் ஏ எடுத்த ஆள், உங்களுக்குப் பிழை வராது. அதாலை அப்பிடி இருக்கேலாதெண்டு வெட்டிப்போட்டன். இஞ்சை எனக்கு வேறை ஆர் இருக்கினம் அக்கா?"

நான் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்த அந்த ஏ-யை நம்பியது உலகத்தில் ஒரே ஓர் ஆள். அவளைத்தான் நான் பகைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"நீ வீட்டை போ. நான் வாறன்" என்றேன்.

"எங்கை போறியள்?"

திரும்பி நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன், ஓடினேன். இரண்டு மாடியும் ஏறி மூச்சு வாங்கப் போய் நின்றபோது ஃபொந்தானா ரீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது சாமான் பட்டியல் இல்லை" என்றேன். என் இத்தாலியனில் வினைச்சொல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். "அரை, கால், எட்டில் ஒன்று. சரியான விடை. பிழையான விடையை நான் சொன்னேன். நான்தான்."

அவர் துடைப்பானைக் கீழே வைத்தார். "தவறுதலாகச் சொல்லிவிட்டாயா, கூகா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நல்ல மனுசி. போகிற வழியைத் தானே திறந்து விட்டார். 'சீ' என்று ஒரு சொல் போதும், நாலு வருடமாக ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லிப் பழகிய சொல்.

"நோ" என்றேன்.

திங்கட்கிழமை நிரோசினி தன் நீலச் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்குப் போனாள். நான் வக்கீல் வீட்டுக்குப் போய் நிலம் துடைத்தேன். உண்மையைச் சொன்னால் மனம் லேசாகிவிடும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. அன்றைக்கு அந்த வீட்டுக் குளியலறையைத் துடைத்த மாதிரி ஆத்திரத்தோடு நான் எந்த இடத்தையும் துடைத்ததில்லை. அவள் இரண்டு கிழமை என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். மூன்றாம் கிழமை ஒரு நாள் என் பங்குச் சோற்றையும் சேர்த்து வடித்து வைத்திருந்தாள். நான் சாப்பிட்டேன்.

ஆனி மாதத்தில் ஒரு பின்னேரம் வேலையால் வந்தாள். விரலெல்லாம் கறுப்பு மை, குழாய்களில் எழுதுகிற பேனையின் மை. செருப்பைக் கழற்றும்போதே கதை தொடங்கிவிட்டது. மொண்டெல்லோக் கடல் தண்ணீரில் ஒரு பங்கு எடுத்து ஒன்பது பங்கு நல்ல தண்ணீர் விடுவார்களாம், அதில் ஒரு பங்கு எடுத்து இன்னும் ஒன்பது, அதிலிருந்து இன்னொன்று. ஒவ்வொரு குழாயிலும் அவள்தான் எழுதுகிறாளாம், பத்தின் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு, மைனஸ் ஆறு வரைக்கும். ஒன்றும் கலக்காத முதல் குழாயில் பத்தின் சைபர் என்று போடுவார்களாம். அவள் சொல்லச் சொல்ல எனக்குள் அந்தப் பழைய பொறாமை பழையபடி தலை தூக்கியது. நான் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

"அப்ப கடைசிக் குழாயிலை ஒண்டும் இராது, என்ன?"

"அதுதான் அக்கா இல்லை" என்று அவள் மை விரலை ஆட்டிச் சிரித்தாள். "ரீச்சரின்ரை தங்கச்சி டொத்தோரெஸா சொன்னவ, எத்தினை தரம் தண்ணி விட்டு ஐதாக்கினாலும் கணக்கிலை சைபர் வராதாம். சின்னனாகும், சின்னனாகும், ஆனா இருந்துகொண்டேதான் இருக்குமாம்."

"ஓம்" என்றேன். "எனக்குத் தெரியும்."